மருதாத்தாள் அடைத்த மேல்மடை

மலையாள எல்லைக்குள் இருக்கும் பெருமாட்டிப் பக்கத்தில் வயலுக்குத் தண்ணீர் கட்டுவது பெரும்பாலும் ஆண்கள் வேலை. மருதாத்தாள் மட்டும் விதிவிலக்கு. கிணற்றில் மோட்டார் ஓடத் தொடங்கியதும் சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு, மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்கிவிடுவாள். ஒரு பாத்தி நிறைந்ததும் அதன் மடையை ஒரே வெட்டில் அடைத்து அடுத்ததைத் திறப்பாள். எங்காவது வரப்பு உடைந்து தண்ணீர் பாய்ந்தால், மற்றவர்கள் மாதிரி உடைப்பை நோக்கி ஓடமாட்டாள். மேலே போய் மேல்மடையை அடைப்பாள். வரத்து நின்றால் உடைப்பு தானாக அடங்கும், அப்புறம் நிதானமாக மண் போட்டுக்கொள்ளலாம் என்பாள். வயலில் அந்தக் கணக்கு அவளை ஒருநாளும் கைவிட்டதில்லை.

எழுபத்தைந்தாம் வருஷம் மழைக்காலத்தில் அவளுக்கு வயிற்றுக்கடுப்பு வந்தது. முதலில் சீதம் போனது, பிறகு ரத்தம். மாதுளந்தோலைக் காய்ச்சிக் குடித்தாள். கம்பவுண்டர் கொடுத்த மாத்திரையையும் விழுங்கினாள். ஒருநாள் காலையில் பேதி சட்டென்று நின்றது. அவள் கணவன் காளிச்சாமிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் மத்தியானத்துக்குள் வயிறு மத்தளம் மாதிரி உப்பிக்கொண்டது. உடம்பு அனலாகக் கொதித்தது. யாரோடோ சண்டை பிடிப்பவள் மாதிரி அவள் பிதற்ற ஆரம்பித்தாள். காளிச்சாமி ஒரு ஜீப்பைப் பிடித்து, மாநில எல்லை தாண்டிக் கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

பெரிய டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"பெருங்குடல் முழுக்கக் கிருமி புடிச்சிருக்கு. காத்தடைச்ச ட்யூப் மாதிரி வீங்கி நிக்குது. வெடிச்சா ஒண்ணும் பண்ண முடியாது. வெடிக்கறதுக்கு முன்னால வெட்டி எடுத்துடணும்."

"கொடலையே எடுத்துப்போட்டா, பொறவு எப்படிங்க?"

"சிறுகுடல் இருக்கும். அதோட வாயை வயித்துக்கு மேலேயே வெச்சுத் தைச்சுடுவோம். கழிவெல்லாம் அந்த வழியா ஒரு பையில வந்து விழும்."

காளிச்சாமி தரையைப் பார்த்தான். "உசுரோட இருப்பாளுங்களா?"

"எடுக்கலைன்னா இருக்கமாட்டாங்க."

"அப்ப எடுத்துருங்க சாமி."

கண் விழித்த பிறகு மருதாத்தாள் தன் வயிற்றைப் பார்த்தாள். தொப்புளுக்கு வலப்பக்கம் சிவந்த பூமொட்டு மாதிரி ஈரமாக ஒன்று இருந்தது. அதைச் சுற்றி ஒரு ரப்பர் பை, இடுப்போடு பெல்ட். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நர்ஸ் சாந்தம்மாள் இவர்கள் பக்கத்துச் சித்தூர்க்காரி. அவள்தான் பையைக் கழற்றி அலசவும், புண்ணாகாமல் சுற்றிலும் களிம்பு தடவவும் சொல்லிக்கொடுத்தாள்.

"இன்னொண்ணு கேட்டுக்கங்க அக்கா. உப்புப் போட்ட கஞ்சி, மோரு, தண்ணி மூணும் நாள் பூராக் குடிக்கோணும். வாய் வறளவே உடக்கூடாது."

மருதாத்தாள் தலையாட்டினாள். காதில் விழுந்ததே தவிர மனதில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு பையை அலசும் வேலையைக் காளிச்சாமி எடுத்துக்கொண்டான். அவள் வேண்டாமென்று அழுதாள்.

"ஏனுங்க, இதையெல்லாம் நீங்க தொடலாமுங்களா? எனக்கு நாக்கப் புடுங்கிக்கலாமாட்ட இருக்குது."

"மாட்டுக்குக் கழிச்சல் வந்தா யாரு புள்ளே கழுவறது? நாந்தானே? சும்மா படு."

அலசிய பையை முருங்கைக் கிளையில் காயப்போடுவான். பக்கத்துத் தோட்டத்துக் குப்பண்ணன் ஒருநாள் நின்று பார்த்துவிட்டு, "அதென்ன காளிச்சாமி தொங்குது?" என்றான். "மோட்டாருக்கு ரப்பரு வாங்கியாந்தேன். ஈரமா இருந்துது" என்றான் காளிச்சாமி. உள்ளே படுத்திருந்த மருதாத்தாள் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

தை மாதம் அவள் தம்பி அர்த்தநாரிக்குக் கல்யாணம். பிறந்த வீடு நல்லேப்பிள்ளி, பெண்ணின் ஊர் எலப்புள்ளி. அந்தப் பக்கத்துக் குடியானவர் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் செய்ய வேண்டிய சீர் ஒன்று உண்டு. இணைச்சீர் என்பார்கள். மடித்த கூறைச்சேலையின் ஒரு முனையை மாப்பிள்ளை பிடிப்பான், மறு முனையைச் சகோதரி பிடித்துப் பக்கத்தில் நிற்பாள். பந்தல் நிறைய ஒறம்பரைச் சனம் பார்த்துக்கொண்டிருக்கும். நடுவில் எழுந்து போக முடியாது. அர்த்தநாரிக்கு இருப்பது ஒரே அக்கா.

சின்னம்மா மயிலாத்தாள் பார்க்க வந்தவள், அக்கறையாகவே சொன்னாள்: "இந்த ஒடம்ப வெச்சுட்டு நீ எதுக்குக் கண்ணு சிரமப்படறே? என்ற மவ நிக்கட்டும். அவளும் அவனுக்கு அக்காதானே?"

"நாந்தான் நிப்பேன்" என்றாள் மருதாத்தாள்.

சொல்லிவிட்டாளே தவிர, பயம் பிடித்துக்கொண்டது. சபை நடுவில் பை நிறைந்து வழிந்தால்? தனக்கு அவமானம் என்பதோடு போகாது. முதல் சீரிலேயே இப்படி ஆயிற்றே என்று தம்பியின் கல்யாணத்தைப் பற்றிக் காலமெல்லாம் பேசுவார்கள். யோசித்து யோசித்து அவள் தனக்குத் தெரிந்த வழிக்கே வந்தாள். உடைப்பை அடைக்க முடியாது. மேல்மடையை அடைக்கலாம்.

கல்யாணத்துக்கு முன் வாரமே ஒத்திகை பார்த்தாள். காளிச்சாமி வைத்துவிட்டுப் போன உப்புக்கஞ்சியைக் கன்றுக்குட்டிக்கு ஊற்றினாள். தண்ணீரை வாய் நனைக்க மட்டும் தொட்டாள். பை கொஞ்சம் மெதுவாக நிறைந்த மாதிரி இருந்தது. மனதுக்குள் சந்தோஷம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டபோதும் பொறுத்துக்கொண்டாள். கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்தபோது யாருக்கும் தெரியாமல் நீவிவிட்டாள். சிறுநீர் போவது குறைந்துகொண்டே வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை. பை மட்டும் முழுதாக நிற்கவேயில்லை. கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, மாட்டுக்கட்டுத்தறிப் பக்கம் எழுந்து நின்றவள் அப்படியே சரிந்தாள்.

மறுபடியும் ஜீப், மறுபடியும் அதே ஆஸ்பத்திரி. குழி விழுந்த கண்ணையும் உலர்ந்த நாக்கையும் பார்த்ததுமே சாந்தம்மாளுக்குப் புரிந்துவிட்டது. குளுக்கோஸ் பாட்டிலில் உப்புநீர் இரண்டு கைகளிலும் ஏறியது. தெளிந்த பிறகு டாக்டர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏம்மா குடிக்கலை?"

மருதாத்தாள் வெட்கத்தோடு மேல்மடைக் கதையைச் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை.

"அந்தப் பையில வர்றது நீங்க குடிச்ச தண்ணி மட்டும் இல்லைம்மா. சாப்பாட்டைக் கரைக்கறதுக்கு உடம்பே குடலுக்குள்ள நிறையத் தண்ணியும் உப்பும் விடுது. அதுல மிச்சம் இருக்கறதை உறிஞ்சி உடம்புக்குத் திருப்பிக் கொடுத்தது பெருங்குடல்தான். அதைத்தான் நான் எடுத்துட்டேனே."

அவள் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். "கடைசி வயலு போயிருச்சு. அங்க ஊற வேண்டிய தண்ணி ஓடையில போவுது. அப்படித்தானுங்களே?"

"அப்படியேதான்."

"அப்ப நான் மேல அடைச்சது, கெணத்த வத்த வெச்சதாட்ட ஆயிருச்சுங்க."

"ஆமாம்மா. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கிட்னி போயிருக்கும்."

காளிச்சாமி வாசல் பக்கம் திரும்பித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

கல்யாணத்துக்கு முன்தினம் அவளை அனுப்பினார்கள். நல்லேப்பிள்ளிக்குப் போய்ச் சேர்ந்ததும், கொட்டகையில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்த தம்பியைக் கூப்பிட்டாள்.

"டேய், சின்னம்மா மவளையே நிக்கச் சொல்லீரு. நான் குடிக்காம இருந்தாச் செத்துப்போவனாம். குடிச்சா, சீர் முடியற மட்டும் இது தாங்காது."

அர்த்தநாரி கயிற்றைக் கீழே போட்டான். "நீ நிக்கலீன்னா எனக்கு இணைச்சீரே வேண்டாம்."

"சபையில வழிஞ்சா உன்ற மூஞ்சிய எங்க கொண்டுபோயி வெச்சுக்குவே?"

"அக்கா, நாம ஒரே சேலையத்தானே புடிச்சுட்டு நிக்கறோம்? உனக்குப் பை கனக்கற மாதிரி இருந்தா உன்ற முனைய ஒருக்கா இழு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"என்னடா பாத்துக்குவே?"

"அதை ஏன் இப்பக் கேக்கறே? நீ போயிக் கஞ்சியக் குடி."

குடித்தாள். மறுநாள் காலையில் காளிச்சாமி ஒரு செம்பு உப்புக்கஞ்சியை நீட்டியபோதும் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். பையைக் காலி செய்து பெல்ட்டை இறுக்கி, அதன்மேல் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, தம்பி பக்கத்தில் வந்து நின்றாள். சீர் செய்து வைக்கும் அருமைக்காரர் கூறைச்சேலையை மடித்து ஆளுக்கொரு முனையைக் கொடுத்தார். வாழ்த்துப் பாட்டு ஆரம்பித்தது. அது நீளமான பாட்டு.

பாதியில் இடுப்பில் கனம் தெரிந்தது. மருதாத்தாளின் நெற்றி வியர்த்தது. இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா என்று பார்த்தாள். முன்வரிசையில் மயிலாத்தாள் உட்கார்ந்திருந்தாள். தம்பியின் நாளைக் கெடுக்கக் கூடாது என்று ஒரு மனம் சொன்னது. ஆஸ்பத்திரியில் சொன்னதை நினைத்துக்கொண்டு, சேலை முனையை மெல்ல இழுத்தாள்.

அர்த்தநாரி உடனே முகத்தைச் சுளித்துக்கொண்டு அருமைக்காரரிடம் குனிந்தான். பந்தல் கடைசி வரைக்கும் கேட்கும் குரலில் சொன்னான்:

"மாமா, எனக்கு ஒண்ணுக்கு வருதுங்க. சித்த நிறுத்துங்க."

பாட்டு நின்றது. ஒரு நொடி கழித்துப் பந்தலே வெடித்துச் சிரித்தது.

"மாப்பளைக்குப் பயத்துல வந்துருச்சுடோய்!" என்றான் ஒருவன்.

"பொண்ணு மொகத்தப் பாக்கறதுக்குள்ளயே இப்படியா?" என்று இன்னொருத்தி கத்தினாள். மயிலாத்தாள் வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அருமைக்காரர் அதட்டியபடியே தானும் சிரித்தார். "போயிட்டு வெரசா வா சாமி."

எல்லோர் கண்ணும் மாப்பிள்ளையின் முதுகைத் துரத்திக்கொண்டு போனது. மருதாத்தாள் கூறைச்சேலையை அருமைக்காரர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் பின்னால் போனதை யாரும் பார்க்கவில்லை. அங்கே காளிச்சாமி தண்ணீர்க் குடத்தோடும் கஞ்சிச் செம்போடும் காத்திருந்தான். பையைக் காலி செய்து கழுவிக்கொடுத்தான். அவள் செம்பை வாங்கி மடக்கு மடக்காகக் குடித்தாள்.

திரும்பி வந்தபோது அர்த்தநாரி காது சிவக்க நின்றுகொண்டிருந்தான். யாரோ இன்னும் கேலி செய்துகொண்டிருந்தார்கள். அவள் தன் முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊரே சிரிக்குதுடா" என்றாள் உதடு அசையாமல்.

"சிரிக்கட்டும். கஞ்சி குடிச்சயா?"

"குடிச்சேன்."

விட்ட இடத்திலிருந்து பாட்டு மறுபடியும் ஆரம்பித்தது.