மணிமேடை முக்கில் வலப்பக்கம்

முதலாளி காளைகள் இரண்டையும் வில்வண்டியையும் விற்றுவிட்டு பிளஷர் கார் வாங்கினார். அந்த வில்வண்டியைப் பதினோரு வருடம் ஓட்டியவன் நான். சுசீந்திரத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். அவருக்கு அங்கே வயல்கள். கோட்டாற்றுக்கும் நாகர்கோவிலுக்கும் அவரைக் கொண்டுபோய்க் கொண்டுவருவது என் வேலை.

காரோடு திருவனந்தபுரத்து டிரைவர் ஒருவன் வந்தான். என்னைவிட இளையவன். ஓணத்துக்கு ஊருக்குப் போனால் திரும்பி வரமாட்டேன் என்று வந்த அன்றே சொல்லிவிட்டான். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, அதுக்குள்ள நீ படிச்சு லைசென்சு எடுத்துருவியா?"

"எடுத்துருவேன்."

"எடுக்காட்டா வேற ஆளப் பாத்துருவேன். பொறவு எங்கிட்ட வந்து நிக்கப்பிடாது."

வேறு வேலை என்றால் மலையில் ரப்பர் தோட்டம்தான். அங்கே போய்க் காய்ச்சலோடு திரும்பினவர்களைப் பார்த்திருக்கிறேன். திரும்பாதவர்களும் உண்டு. எனக்கு வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள். எடுத்தே தீரவேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

காரின் முன்னால் கம்பியைப் போட்டுச் சுற்றிக் கிளப்புவது, கியர் மாற்றுவது, பிரேக் பிடிப்பது எல்லாம் ஒரு மாதத்தில் வந்துவிட்டது. நேர் ரோட்டில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து தூங்குவான். அந்த அளவுக்கு ஓட்டினேன். பிறகு நாகர்கோவிலில் போலீஸ் அதிகாரி ஒருவர் லைசென்சுக்காக என்னைச் சோதித்தார். பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். மணிக்கூண்டு நிற்கிற மணிமேடை முக்கு வந்ததும், "வலத்தே திருப்பு" என்றார். திருப்பினேன்.

"நிறுத்து. இறங்கு."

இறங்கினேன். பிரம்பால் ரோட்டைக் காட்டினார். என் சக்கரத்தின் தடம் புழுதியில் கிடந்தது. முக்கின் வலது ஓரத்தை ஒட்டி, குறுக்கே வெட்டிப் போயிருந்தது.

"எதிர வண்டி வந்திருந்தா அதோட நெஞ்சில ஏறியிருப்பே. கை காட்டினியா?"

"இல்ல ஏமானே."

"பின்னால பாத்தியா?"

"இல்ல."

"போ. அடுத்த மாசம் வா."

மாட்டுவண்டியில் அப்படித்தான் திருப்புவோம். மாடு குறுக்கு வழியைத்தான் பிடிக்கும். எதிரே வண்டி வந்தால் இரண்டு ஜோடி மாடும் ஒன்றையொன்று பார்த்து ஒதுங்கிக்கொள்ளும். பின்னால் வருகிறவன் கத்துவான். நானும் கத்துவேன். கையில் கயிறும் சாட்டையும் இருக்கும்போது கையை எங்கே நீட்டுவது?

டிரைவர் சிரித்தான். "சேட்டா, இது காளையில்ல. இதுக்குக் கண்ணில்ல. கண்ணு உங்களுக்குத்தான்."

திருப்பும் முறையை அவனே சொல்லித்தந்தான், மனதில் வாங்கினேன். இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் கையை நீட்டி வட்டமாகச் சுழற்ற வேண்டும். இடது ஓரத்தை விடாமல் சிறிதாகத் திரும்ப வேண்டும். வலப்பக்கம்தான் பெரிய காரியம். முதலில் பின்னால் பார்க்க வேண்டும். பிறகு வலது கையை வெளியே நேராக நீட்ட வேண்டும். மெல்ல ரோட்டின் நடுவுக்கு வர வேண்டும். எதிரே வருகிறவனைப் போகவிட வேண்டும். முக்கின் நடு வரை நேராகப் போய், அதற்குப் பிறகுதான் திருப்ப வேண்டும். புது ரோட்டிலும் இடது பாதியில்தான் சேர வேண்டும்.

சொல்ல எளிது. என் கை பதினோரு வருடம் வேறு விதமாகப் பழகினது. பழக்கத்தை மாற்ற கார் வேண்டும். பெட்ரோலை வீணாக்க முதலாளி விடமாட்டார்.

நடந்தே பழகினேன்.

தினமும் காலையில் கோட்டாற்றுக்கு நடந்து போவேன். பிய்ந்த பனையோலைக் கடவப்பெட்டி ஒன்று வீட்டில் கிடந்தது. அதன் விளிம்பை வட்டமாக அறுத்தெடுத்து இடது கையில் பிடித்துக்கொண்டேன். அதுதான் ஸ்டியரிங். ஓரத்தில் நடக்காமல் கார் போகிற இடத்தில் நடப்பேன். முக்கு வந்தால் பின்னால் பார்ப்பேன், கையை நீட்டுவேன், நடுவுக்கு வருவேன், நிற்பேன், திரும்புவேன்.

கோட்டாற்றில் வண்டிகள் நிற்கிற இடத்தில் என்னோடு ஓட்டினவர்கள் எல்லாரும் இருப்பார்கள்.

"மக்கா, மழ பெய்யுதான்னு பாக்குதியா?"

"ஏலே, அவன் கார் போகு. வழிய விடு."

"வே, ஆர்ன் அடியும் வே! ஆர்ன் இல்லாத காரா?"

அடுத்த முக்குக்குப் போனேன். ஒருநாள் வண்டிக்காரன் ஒருவன் நடு ரோட்டில் நின்ற என்னைக் கெட்ட வார்த்தையில் ஏசினான். அதற்காகவும் பழகுவதை விடவில்லை. மறுநாளும் போனேன்.

மனைவிக்கு இது பிடிக்கவில்லை. "நாலு பேரு சிரிக்குதாவ. எனக்குச் சந்தைக்குப் போவ முடியல்ல" என்றாள். பிறகு ஒருநாள் சந்தைப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு என் பின்னால் வந்தாள். பத்தடி தள்ளி வந்தாள். முதல் முக்கில் நான் திரும்பினதும் சத்தம் போட்டாள்.

"இப்ப நீட்டினா எனக்கு எப்பிடித் தெரியும்? திரும்பின பொறவா சொல்லுகது?"

அதுவரை அது எனக்குப் புரியவில்லை. முக்கில் வந்துதான் கையை நீட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் வருகிறவனுக்கு வண்டியை நிறுத்த நேரம் வேண்டும் அல்லவா? அடுத்த முக்கில் முன்கூட்டியே நீட்டினேன்.

"கை தாழுது. கொழுக்கட்ட வாங்கவா நீட்டுகிய? நேரா நீட்டுங்க."

நேராக நீட்டினேன். அன்றுமுதல் சந்தைக்கு அவள் என் பின்னால்தான் வந்தாள். சிரித்தவர்களை ஏசுகிற வேலையையும் அவளே பார்த்துக்கொண்டாள்.

ஓணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. இரண்டாம் முறை போனேன். அதே அதிகாரி. மடியில் காகிதக் கட்டு. இடப்பக்கம் இரண்டு முறை திருப்பச் சொன்னார். கையைச் சுழற்றி, ஓரத்தை விடாமல் திருப்பினேன். அவர் காகிதத்தில் குறித்துக்கொண்டார். மணிமேடைக்கு வந்தோம்.

"வலத்தே."

பின்னால் பார்த்தேன். கையை நீட்டினேன். நடுவுக்கு வந்தேன். எதிரே நெல்மூட்டை ஏற்றின கட்டைவண்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. மெதுவாகத்தான் வந்தது. வேகமாகத் திருப்பினால் அதற்கு முன்னால் போய்விடலாம் என்றுதான் தோன்றும். நான் கையை மேலே தூக்கிக் காட்டிவிட்டு நிறுத்தினேன்.

அதிகாரி காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல், "ம், திருப்பு" என்றார்.

போலீஸ் அதிகாரி சொன்னால் செய்கிற காலம் அது. நான் யாரையும் எதிர்த்துப் பேசிப் பழகினவன் இல்லை. முதலாளி சொன்னது நினைவுக்கு வந்தது. மலையும் நினைவுக்கு வந்தது. காரை எடுக்கவில்லை.

"திருப்புன்னு சொன்னேனே?"

"வண்டி வருது ஏமானே."

"நான்தானே சொல்லுகேன்."

"வண்டிக்காரன் அதக் கேக்கல்லியே ஏமானே."

அவர் தலையைத் தூக்கினார். வண்டி எங்களைக் கடந்தது. வண்டிக்காரன் நின்றுகொண்டிருந்த காரைப் பார்த்தான். அதிகாரி உட்கார்ந்திருப்பதை அவன் கவனிக்கவில்லை.

"ஏலே மக்கா, காருக்குள்ள மாடு படுத்துட்டா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

வழி காலியானது. மறுபடியும் பின்னால் பார்த்தேன். கையை நீட்டினேன். முக்கின் நடு வரை போய்த் திருப்பினேன். இடது பாதியில் சேர்ந்தேன். அதிகாரி கழுத்தைத் திருப்பி, புழுதியில் கிடந்த தடத்தைப் பார்த்தார். அவர் வேண்டுமென்றே அப்படிச் சொன்னாரா, வண்டியைப் பார்க்காமல் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்கவும் இல்லை.

"ஒப்பு போடத் தெரியுமா?"

"தெரியும்."

இரண்டாம் வகுப்பு வரை படித்தது அதற்கு உதவியது. லைசென்சுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.

டிரைவர் ஓணத்துக்குப் போனான். சொன்னபடி வரவில்லை. அடுத்த வாரம் முதலாளியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கோட்டாற்றிலிருந்து வந்தேன். எங்கள் ஊர் வழி பெரிய ரோட்டிலிருந்து வலப்பக்கம் பிரியும். இரு பக்கமும் வயல். முன்னாலும் பின்னாலும் ஒரு ஆள் இல்லை. கையை நீட்டினேன்.

"யாருக்குலே கை காட்டுகே? ஆளே இல்லியே."

"இருந்தா அவனுக்குத் தெரியாண்டாமா?"

முதலாளி ரோட்டை முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு, "சரி, ஓட்டு" என்றார். நான் நடு வரை போய்த் திருப்பினேன்.