ஒரு பக்கம் அடைத்த மூக்கும் டொக்டர் றிபாயும்

நண்பகல் லுஹர் தொழுகை முடிந்த கையோடு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் டொக்டர் றிபாயின் மௌத்துச் செய்தி சொன்னார்கள். மாரடைப்பு. காலையில்தான் கிளினிக்கில் ஒன்றாக நின்றிருந்தோம். அவருடைய சத்திரசிகிச்சைக் கூடத்தில் தாதிய உத்தியோகத்தராக வேலை செய்தவன் நான்.

அவர் காது, மூக்கு, தொண்டை நிபுணர். அவர் வருமுன் எங்கள் பக்கத்தில் மூக்கினுள் கட்டி வந்தால் முகத்தைக் கீறித்தான் எடுப்பார்கள் என்று சனம் பயந்து கிடந்தது. அவர் மூக்குத் துவாரத்தினூடாகவே கெமராக் குழாயைச் செலுத்தி, திரையைப் பார்த்துக் கட்டியை எடுத்தார். "கட்டிய மட்டும் எடுத்தா திரும்ப வரும். அது ஒட்டின எலும்பையும் சுரண்டோணும்" என்பார். அவசரப்படவே மாட்டார்.

மருதமுனையில் தறிக்காரருக்கு மூக்கடைத்தால் நூல் தூசி என்று விட்டுவிடுவார்கள். ஒரு கல்யாண வீட்டில் ஒரே சஹன் தட்டில் எங்களோடு சேர்ந்து சாப்பிட்ட நெசவாளி ஹனீபா காக்கா, மூச்சு வாங்குவதற்காகக் கவளத்துக்குக் கவளம் நிறுத்தினார். டொக்டர் சோற்றில் வைத்த கையை எடுத்தார்.

"காக்கா, ஒரு மூக்கப் பொத்திக்கிட்டு மூச்சு விடுங்க. மற்றதையும் பாருங்க."

"இடப்பக்கம் ஒண்டும் வருதில்ல டொக்டர். நூல் தூசிதான்."

"தூசி ரெண்டு பக்கத்தையும் அடைக்கும். நாளைக்குக் கிளினிக்குக்கு வாங்க."

பரிசோதித்ததில் புற்றுநோயில்லாத கட்டி. சத்திரசிகிச்சைக்கு ஆயத்தமானபோது கெமரா பழுதானது. திருத்தித் தரக் கேட்டு ஆஸ்பத்திரி நிர்வாகியிடம் போனோம்.

"புற்றுநோய் இல்லதானே டொக்டர், என்ன அவசரம்?"

"புற்றுநோய் இல்லாட்டி மனிசனுக்கு மூச்சுத் தேவையில்லையா சேர்? விட்டா அது கண்ணப் போய்த் தள்ளும்."

அன்றிலிருந்து மௌத்தாகும்வரை கெமராவைக் கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்டுக் கேட்டே அந்த மனிதர் தேய்ந்தார் என்று நான் சொல்வேன். யாருக்குக் கோபம் வந்தாலும் வரட்டும்.

அனுதாபக் கூட்டத்தில் அதே நிர்வாகி கண்ணைத் துடைத்தபடி, ஈடுசெய்ய முடியாத இழப்பு என்றார். நான் பேச எழும்பியபோது, "கெமராக் கதையெல்லாம் இங்க வேணாம் தம்பி" என்று காதுக்குள் சொன்னார். அதை மட்டும்தான் கதைத்தேன். டொக்டரைத்தான் ஈடுசெய்ய முடியாது, கெமராவை ஈடுசெய்யலாம் என்றேன். நாளை வேறொரு நிபுணர் வருவார், அவர் எதைக் கொண்டு பார்ப்பார் என்றும் கேட்டேன்.

டொக்டர், உங்கள் கப்றுக் குழியை அல்லாஹ் விசாலமாக்கட்டும். கூட்டத்தின் பின்வரிசையில் ஹனீபா காக்கா உங்களுக்காக அல்லாஹ்விடம் துஆக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் நிறுத்தி, வாயால் மூச்சு வாங்கித்தான் கேட்டார்.