ஒரே சொல்லை இரண்டு தடவை எழுதாத எட்மண்ட்

அம்பத்தூரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்த எட்மண்டுக்கு இங்கிலீஷ் கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரே கடிதத்தில் ஒரே சொல் இரண்டு தடவை வந்துவிட்டால் மானமே போனதுபோலப் பதறுவார். ஒரு அர்த்தத்துக்கு நாலு சொல் கைவசம் வைத்திருப்பார். எல்லாம் ஒன்றுதானே, எது காதுக்குக் கம்பீரமோ அதைப் போடு என்பது அவர் கட்சி. பக்கத்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் தொழிலாளிகளும் லீவு லெட்டரிலிருந்து மெமோவுக்குப் பதில் வரை அவரிடம்தான் வந்து நின்றார்கள்.

எண்பத்தேழில் நூர் முகமது ஒரு மெமோவோடு வந்தார். பூந்தமல்லிக்காரர், ஒரு கம்பெனியில் பதினோரு வருஷமாக இரும்புத் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர். முந்தின ஷிப்டில் யாரோ சரியாக இறுக்காமல் விட்ட அச்சு, இவர் மெஷினைப் போட்டதும் உடைந்துவிட்டது.

"நானும் பாத்துருக்கணும் சார். தெரியாம ஆயிப்போச்சு. அத்த மட்டும் எழுதுங்க" என்றார்.

எட்மண்ட் முதல் வரியில் 'மிஸ்டேக்' என்று எழுதினார். அடுத்த வரியிலும் அதையே எப்படி எழுதுவது? 'எரர்' என்று போட்டார். மூன்றாவது இடம் வந்தது. கொஞ்சம் யோசித்து 'நெக்லிஜென்ஸ்' என்று தட்டினார். தட்டிவிட்டு, என்ன நடை என்று தன்னையே மெச்சிக்கொண்டார் மனுஷன். இங்கிலீஷ் தெரியாத நூர் முகமது நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

பத்தே நாளில் வேலை போயிற்று. உத்தரவைப் படித்துச் சொல்லும்படி எட்மண்டிடமே கொண்டுவந்தார். 'அலட்சியமாக இருந்ததை நீரே எழுத்துமூலம் ஒப்புக்கொண்டதால்' என்று அதில் இருந்தது. தவறு செய்தவனைத் திட்டி விட்டுவிடுவார்கள். அலட்சியமாக இருந்தவனை வீட்டுக்கு அனுப்புவார்கள். 'மிஸ்டேக்'குக்கும் 'நெக்லிஜென்ஸு'க்கும் உள்ள அந்த வித்தியாசம் எட்மண்டுக்கு அப்போதுதான் உறைத்தது. அப்படியும் அந்த வரியை முழுங்கிவிட்டு, "அவங்க முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்க பாய். நாம இன்னா எழுதினாலும் இதான்" என்றார். சீ, அதுவும் ஒரு வாய்!

நூர் முகமது சென்னீர்குப்பத்தில் ஒரு லாரி ஷெட்டில் எடுபிடி வேலைக்குப் போனார். மாதம் ஒருதரமாவது வேறு வேலைக்கு அப்ளிகேஷன் அடிக்க இன்ஸ்டிடியூட்டுக்கு வருவார். அடித்து வாங்கியதும் போகமாட்டார். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். எட்மண்ட் ரிப்பன் மாற்றுவார், மெஷினுக்கு எண்ணெய் விடுவார், அவர் முகத்தை மட்டும் ஏறிட்டுப் பார்க்கமாட்டார். ரம்ஜானுக்கு அவர் வீட்டிலிருந்து வரும் பிரியாணி எட்மண்டுக்குத் தொண்டையில் இறங்காது. சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்தின்போது சாமியாரிடம் சொல்லிவிட்டார். சொல்லவேண்டிய ஆளிடம் மூன்று வருஷமாகச் சொல்லவில்லை.

தொண்ணூறில் ஒரு சாயங்காலம், மாணவர்கள் போனபின், அடக்கமுடியாமல் கொட்டிவிட்டார். அந்தச் சொல்லை அழகுக்காகப் போட்டது நான்தான் பாய், உத்தரவைப் படித்தபோது அந்த வரியை மறைத்ததும் நான்தான் என்று.

நூர் முகமதுவின் முகத்தில் ஆச்சரியமே இல்லை. வேலை போன அந்த வாரமே யூனியன் வக்கீல் படித்துக் காட்டிவிட்டார் என்றார். நீங்களே எழுதிக் கொடுத்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது என்று கையை விரித்துவிட்டாராம்.

எட்மண்ட் அப்போதுதான் அவரை ஏறிட்டுப் பார்த்தார். "தெரிஞ்சுமா எங்கிட்ட வந்துகினு இருந்தீங்க?"

"அப்ளிகேஷன் அடிக்க பூந்தமல்லியிலயே ஆளு கீறாங்க சார். நீங்களா சொல்வீங்கன்னுதான் வந்துகினு இருந்தேன்."

சொல்லிவிட்டு எழுந்து போனவர், அப்புறம் அந்தப் பக்கம் வரவேயில்லை.