மைக்செட் சொன்ன ‘விடு’

எங்கள் கிடங்கில் அவரை மைக்செட் என்றுதான் கூப்பிடுவோம். வாசலில் நின்று அவர் தும்மினால் கடைசி அடுக்கில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். அவர் பேச்சில் பாதி ‘விடு’தான். பெட்டி சரிந்தால், “விடு, பாத்துக்கலாம்.” மேனேஜர் கத்தினால், “விடு, வீட்டுல என்ன சண்டையோ.” மனைவி கோபித்துக்கொண்டாலும் இதையே சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்.

மச்சானை, அதாவது மனைவியின் தம்பியை, அவர்தான் இங்கே சேர்த்துவிட்டார். பேலட்டை, அதாவது பெட்டிகள் அடுக்கிய பலகையை, தூக்கிக்கொண்டு போகும் பேட்டரி வண்டியை ஓட்டுகிற வேலை. கைப்பிடியில் இருக்கும் விசையை அழுத்தினால் நகரும், கையை எடுத்தால் நின்றுவிடும். சும்மா சொல்லக்கூடாது, மச்சான் நன்றாகவே ஓட்டினான்.

ஒருநாள் அவன் சோப்புப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வர, மைக்செட் முன்னால் நின்று வழி சொன்னார். வண்டிக்கு முன்னால் நிற்கக்கூடாது என்று சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறது. அதன்மேல்தான் நாங்கள் எல்லோரும் சட்டையை மாட்டுகிறோம். அவர் பாதம் பேலட்டுக்கும் இரும்புத் தூணுக்கும் நடுவில் சிக்கியது. “விடு, விடு” என்று அலறினார். கைப்பிடியை விடு என்று அவர் சொன்னது, வண்டியை முன்னால் விடு என்று அவனுக்குக் கேட்டது. இன்னும் அழுத்திவிட்டான். மூன்று விரல்களில் எலும்பு முறிந்தது.

அதற்குப் பிறகு மச்சான் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. வண்டியையும் தொடவில்லை, மூலையில் உட்கார்ந்து பெட்டிகளுக்கு டேப் ஒட்டினான். வேலையை விட்டே போய்விடுவான் என்று பேச்சு. மைக்செட் கட்டுப்போட்ட காலோடு வீட்டிலிருந்து போன் மேல் போன் போட்டும் எடுக்கவில்லை. எனக்கே எரிச்சலாக இருந்தது. அடிபட்டவரே சும்மா இருக்கும்போது இவனுக்கு என்ன வீம்பு?

வேலைக்குத் திரும்பிய அன்றே மைக்செட் நொண்டிக்கொண்டு போய் அவனை இழுத்துவந்து கைப்பிடியைப் பிடிக்க வைத்தார். இந்த முறை முன்னால் நிற்கவில்லை, பக்கத்தில் நடந்தார்.

“இனிமே நில்லுன்னுதான் சொல்வேன். சரியா?”

வண்டி நகர்ந்தது. பாதி வழியில் மச்சான் வாயைத் திறந்தான்.

“மாமா, அன்னைக்கு நான்...”

“விடு மச்சான்.”

சட்டென்று இரண்டு கைகளையும் எடுத்துவிட்டான். வண்டி அப்படியே நின்றது. மேலே இருந்த பெட்டி ஒன்று தரையில் விழுந்தது.

மைக்செட் சிரித்தது கிடங்கு முழுக்கக் கேட்டது. அப்புறம் சொன்னது மட்டும், பின்னால் வந்துகொண்டிருந்த எனக்கே பாதிதான் கேட்டது. அவருக்கு அப்படி ஒரு குரல் உண்டென்று எனக்கு அன்றுதான் தெரியும்.

“வண்டிய இல்லடா, அத விடு. சாயங்காலம் வீட்டுக்கு வா. உங்க அக்கா தினமும் வாசலையே பாத்துக்கிட்டு இருக்கா.”