மேசை மூலையில் குங்குமம்

ஆர்.கே.புரம் வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு எபாக்சி என்ற பளபளப்பான பிசின் பூசுவதற்காக இந்திக்காரத் தச்சர் மரத்தை உப்புத்தாளால் தேய்த்து வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை, புது மரம் என்று நான் நாலு மூலையிலும் நல்லெண்ணெயில் குழைத்த குங்குமம் வைத்துவிட்டுத் துடைத்தேன். பூச்சு காய்ந்ததும் அந்த மூலைகள் மட்டும் தோலாக உரிந்து வந்தன. பார்த்ததுமே எனக்குப் புரிந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

"சோர், திருடா, தேய்க்காமயே ஏமாத்துறியா?" என்று இந்தியில் கத்தி, மகன் தச்சரின் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான்.

"தேய்ச்சேன் சாப்" என்றவரின் உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது.

மறுபடியும் கை ஓங்கினான். நான் ஓடிப்போய் மகனை அறைந்தேன்.

"எண்ணெய் வச்சது நாந்தான்டா."

தச்சர் வாயைத் துடைத்துக்கொண்டு, "அதான் ஒட்டல அம்மாஜி" என்று உப்புத்தாளை எடுத்தார்.

அந்த முதல் அடிக்கு முன்னாலேயே நான் சொல்லியிருக்கலாம். கூச்சம் என்னுடையது, அடி வாங்கியது அவர்.