ரூல்ஸ் அக்காவும் கடைசி நாற்பது பக்கங்களும்

பேருந்து நிலையத்தின் பின்பக்கம், டயர் கிடங்கை ஒட்டி ஓர் அறை. வாசலில் ‘தவறவிட்ட பொருட்கள்’ என்று பலகை. உள்ளே பத்தொன்பது வருடமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, ஜனங்கள் பேருந்தில் மறந்துவிட்டுப் போகும் சாமான்களுக்கெல்லாம் சீட்டு எழுதி ஒட்டுகிறவர் ஒரு பெண்மணி. ஓட்டுநர், நடத்துநர் எல்லோருக்கும் அவர் ரூல்ஸ் அக்கா. முகத்துக்கு நேரேயே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அக்காவுக்கும் அதில் உள்ளூரப் பெருமை.

பெருமைக்குக் காரணம் உண்டு. அந்த அறையில் ஒரு பொருள் நுழைந்தால் உரியவர் வரும்வரை அதை யாரும் தொடக் கூடாது என்பது விதி. மூன்று வருடம் முன்பு ஓர் ஓட்டுநர், அடைமழையில் டீக்கடை வரை போய்வர, அலமாரியிலிருந்து ஒரு குடையை எடுத்துவிட்டார். பத்தே நிமிடம். திரும்ப வந்து மடித்தும் வைத்துவிட்டார். அக்கா விடவில்லை. ‘குடை ஈரமாக இருந்தது’ என்று எழுதி மேலே அனுப்பினார். ஓட்டுநருக்கு மெமோ வந்தது. கேட்டிருந்த நல்ல வழித்தடமும் கைநழுவிப் போனது. அன்றிலிருந்து மழை தூறினாலே அவர் அக்கா அறை வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பார், பிறகு அக்காவைப் பார்ப்பார், நடையைக் கட்டுவார்.

அக்காவுக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. வேற்றுகிரகவாசி சொல்லும் நாவல்கள்.

அந்தப் பைத்தியம் பிடித்ததே இந்த வேலையால்தான். குடையையும் தலைக்கவசத்தையும் மறப்பது சரி. ஒற்றைச் செருப்பை ஒருவர் எப்படி மறப்பார்? மற்றொன்று காலில் இருக்குமே, அது கேட்காதா? ஒருமுறை ஓர் ஊன்றுகோல் வந்தது. இதை விட்டுவிட்டு அந்த மனிதர் எப்படி இறங்கினார், எப்படி வீடு போய்ச் சேர்ந்தார் என்று அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மனிதப் பிறவியை வெளியிலிருந்து ஒருவர் பார்த்து, நடந்ததை நடந்தபடி சொன்னால் தேவலை என்று அவருக்குத் தோன்றிவிட்டது. வெளியிலிருந்து என்றால் நல்ல தூரத்திலிருந்து. குறைந்தது வேறு கிரகம்.

தேடப் போனபோதுதான் கஷ்டம் புரிந்தது. பழைய புத்தகக் கடைக்காரர், “வேற்றுகிரகவாசி வர்ற கதைதானே? இந்தாங்க, ஏழு இருக்கு,” என்று அடுக்கினார்.

“வந்தா போதாதுங்க. அதுவே கதை சொல்லணும்.”

“அது எதுக்குச் சொல்லணும்? அதான் எழுத்தாளர் இருக்காரே?”

அப்படிச் சொல்லும் கதைகளும் கிடைக்கத்தான் செய்தன. ஆனால் அக்காவின் பரிசோதனையில் தேறவில்லை. முதல் பக்கத்திலேயே அந்தப் பிராணி தன் ஆறு கால்களையும் எண்ணிக் காட்டினால் புத்தகத்தை மூடிவிடுவார். காலையில் எழுந்ததும் ‘எனக்கு இரண்டு கை, பத்து விரல்’ என்று யார் சொல்லிக்கொள்கிறார்கள்? பத்தாம் பக்கத்துக்குள் பூமியைப் பிடிக்கக் கிளம்பினாலும் மூடிவிடுவார். அன்பு என்றால் என்ன என்று மனிதனிடம் பாடம் கேட்க உட்கார்ந்தால், மூடுவதோடு நிறுத்தாமல் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். பச்சைத் தோலை உரித்துப் பார்த்தால் முக்கால்வாசிக் கதைகளில் உள்ளே தலைவலியோடு ஒரு பேங்க் மேனேஜர்தான் உட்கார்ந்திருக்கிறார் என்பது அக்காவின் முடிவு. எனக்கும் அதில் மறுப்பு இல்லை.

அக்காவின் வீட்டுக்காரர் மருத்துவமனையில் குழாய் பழுது பார்ப்பவர். நல்ல மனுஷர். மனைவிக்காக அவரும் தேடுவார், அட்டைப்படத்தை மட்டும் நம்பி. போன வருடம் அட்டையில் எட்டுக் கையோடு ஏதோ நெளிகிற புத்தகம் ஒன்றை ஆசையாக வாங்கிவந்தார். பிரித்தால் கடல்வாழ் உயிரினங்கள் பற்றிய பள்ளிக்கூடப் பாடம்.

“எட்டுக் கை இருக்கே, பத்தாதா?” என்றார் பாவமாக.

“கை இருக்கு. வாய் இல்லையே,” என்றார் அக்கா. இருந்தும் அதைத் தூக்கிப் போடவில்லை. அவர் வாங்கிவந்தது ஆயிற்றே.

இப்படி இருக்கும்போது ஒரு திங்கட்கிழமை, கடைசி இருக்கையில் கிடந்ததாக நடத்துநர் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். அட்டை பாதி கிழிந்திருந்தது. பக்கங்களுக்கு நடுவே மரத்தூள். ஓரங்களில் எல்லாம் பட்டையான பென்சில் குறிப்புகள். உரியவர் தச்சராக இருக்க வேண்டும் என்று அக்கா உடனே கணக்குப் போட்டார். விலாசம் இருக்கிறதா என்று பார்க்க முதல் பக்கத்தைப் பிரித்தார். அது விதிப்படி செய்ய வேண்டிய வேலைதான்.

கதை சொன்னது ஒரு பிராணி. அதன் இனத்தில் யாரும் எதையும் தொலைத்ததே கிடையாது. அதற்கு எத்தனை கால் என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. வழிதவறி வந்த மனிதன் ஒருவனை அது பின்தொடர்கிறது. அவன் எந்நேரமும் பையைத் துழாவுகிறான், பாறை இடுக்கில் பார்க்கிறான், தலையில் கைவைத்துக்கொள்கிறான். தேடுவது என்றால் என்ன என்று பிராணிக்குத் தெரியாது. ஒருவேளை அவன் மூச்சுவிடுவதே இப்படித்தானோ என்று நினைத்து, அவனை இடைஞ்சல் செய்யாமல் தள்ளி நிற்கிறது.

அக்காவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பத்தொன்பது வருடமாகத் தேடிய புத்தகம் தானே நடந்து மேஜைக்கு வந்திருக்கிறது!

ஆனால் விதி? விலாசம் எந்தப் பக்கத்தில் இருக்குமோ, யார் கண்டது. எல்லாப் பக்கத்தையும் பார்த்தால்தானே பொறுப்பு? மூன்று வாரம், தினமும் சாப்பாட்டு இடைவேளையில் அரைமணி நேரம், அக்கா விலாசம் தேடினார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தச்சரின் குறிப்புகள் சும்மா இருக்க விடவில்லை. பிராணி எங்கெல்லாம் மனிதன் மாதிரி யோசித்ததோ அங்கெல்லாம் அவர் ‘இங்கே மனுஷன் எட்டிப் பார்க்கிறான்’ என்று எழுதியிருந்தார். அக்காவின் அதே நோய் பிடித்த இன்னொரு ஜீவன்! நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் பிராணி, ‘நேரமாகிவிட்டது’ என்கிறது. தச்சர், ‘முந்நூறு வருடம் வாழும் பிராணிக்கு ஏது நேரம்? மனுஷன்!’ என்று அடிக்கோடு போட்டிருந்தார். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. கை தானாகவே அலுவலகப் பென்சிலை எடுத்தது. ‘அதற்கு நேரமாகவில்லை. அவனுக்கு நேரமாகிறது என்று அதற்குப் புரிந்துவிட்டது. கவனித்துப் படியுங்கள்.’

எழுதி முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. அழிக்கலாம் என்று ரப்பரை எடுத்தார். அழித்தால் எழுதியது நியாயம் இல்லை என்று ஆகிவிடுமே? மறுநாள் இன்னொன்று எழுதினார். அப்புறம் கணக்கே இல்லை.

நாற்பது பக்கம் மீதி இருக்கையில் தச்சர் வந்துவிட்டார். வந்த நாளும் வாய்த்த நாள்: மேற்பார்வையாளர் பதிவேட்டைப் பார்க்க வரும் வெள்ளிக்கிழமை. அவர் மூக்குக் கண்ணாடியோடு ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

தச்சர் காதில் பட்டைப் பென்சில். “மேடம், ஒரு புஸ்தகம். பாதி அட்டை கிழிஞ்சிருக்கும். எந்த பஸ்னு ஞாபகம் இல்ல, மூணு வாரமா எல்லா டிப்போவிலயும் கேட்டுட்டு வர்றேன்.”

உரியவர்தானா என்று உறுதிசெய்ய அடையாளம் கேட்க வேண்டும். “உள்ள என்ன இருக்கும்?” என்று படிவத்தில் உள்ளபடி கேட்டார்.

“கதைங்க. ஒரு பிராணி சொல்லுது. ஒருத்தன் எதையோ தேடிட்டே இருக்கான். நான் மூணு தடவ படிச்சிட்டேன். கடைசியில அவன் தேடுனது என்னன்னா...”

“போதும்!” என்று கத்தினார் அக்கா.

மேற்பார்வையாளர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “ஏம்மா நிறுத்துறீங்க? அடையாளம் முழுசா சொல்லட்டுமே.”

அக்கா ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். யாரோ கிறுக்கியிருக்கிறார்கள் என்று கையை விரித்தாலும் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் ஓர் ஈரக் குடை அவர் கண்முன் வந்து நின்றது.

“சார், அவர் முடிவைச் சொல்லிடுவாரு. எனக்கு இன்னும் நாப்பது பக்கம் இருக்கு.” படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “படிச்சது மட்டுமில்ல. எழுதியும் இருக்கேன்.”

படிவத்தில் ‘ஒப்படைக்கும்போது பொருளின் நிலை’ என்ற கட்டத்தில் அக்கா தன் கையாலேயே நிரப்பினார்: ‘அலுவலரால் கூடுதல் பென்சில் குறிப்புகள், நாற்பத்தொரு இடங்களில்.’ பத்தொன்பது வருடத்தில் ஒரு கரும்புள்ளி விழாத பதிவேடு.

அந்த நேரம் பார்த்துக் குடை ஓட்டுநர் வாசலில் நின்றார். இப்படி ஒரு காட்சி அவருக்கு இனி எந்தப் பிறவியில் கிடைக்கும்? “என்னக்கா, குடை நனைஞ்சிடுச்சா?”

“நனைஞ்சிடுச்சு தம்பி,” என்றார் அக்கா. “அன்னிக்கு நல்ல மழை. உன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு எழுதியிருக்கணும். தப்பு என்னோடது.”

ஓட்டுநர் தலையைச் சொறிந்துகொண்டு, “விடுக்கா, அது பழைய கதை,” என்று முணுமுணுத்துவிட்டு அங்கேயே நின்றார்.

மேற்பார்வையாளர் மெமோ எழுதினார். அக்கா கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். இத்தனை நேரமும் தச்சர் யாரையும் கவனிக்கவில்லை. நின்றபடியே புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. ஓரிடத்தில் “ச்சே” என்றார். நூற்றுப் பன்னிரண்டில் வெகுநேரம் நின்றார்.

“இது எனக்குத் தோணவே இல்லையே,” என்றார் மெதுவாக. பிறகு கடைசிப் பக்கங்களைப் புரட்டினார். முகம் சுருங்கியது. “சார், புகார் இருந்தா எங்க எழுதணும்?”

அக்காவுக்கு உயிரே போய்விட்டது. மெமோவோடு முடியும் என்று பார்த்தால் புகாரும் சேர்ந்தால் நாற்காலியே போய்விடும்.

மேற்பார்வையாளர் படிவத்தின் கீழ்க் கட்டத்தைக் காட்டினார். தச்சர் காதிலிருந்து பென்சிலை எடுத்து, மரத்தில் அளவு குறிப்பவரைப் போல நிதானமாக எழுதிக் கொடுத்தார். மேற்பார்வையாளர் வாய்விட்டுப் படித்தார்:

“‘கடைசி நாற்பது பக்கங்களில் அலுவலரால் எதுவும் எழுதப்படவில்லை.’”

மேற்பார்வையாளர் அதை இன்னொரு முறை மனதுக்குள் படித்தார். சிரிக்கத் தெரியாத மனிதர். விதி தெரிந்த மனிதர். விதிப் புத்தகத்தை எடுத்துப் பக்கம் தேடினார்.

“புகார் வந்தா, அது சரியாகுற வரைக்கும் பொருள் நம்மகிட்டதான் இருக்கணும். பதினஞ்சு நாள் டைம். சம்பந்தப்பட்ட அலுவலரே குறையை நிவர்த்தி செய்யணும்,” என்று அக்காவைப் பார்த்தார். “புரியுதாம்மா? இது உத்தரவு.”

அக்காவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை.

தச்சர் தன் பட்டைப் பென்சிலை மேஜையில் வைத்தார். “உங்க பென்சில் எழுத்து ரொம்ப மங்கல், அக்கா. இதுல எழுதுங்க.” வாசல்வரை போனவர் திரும்பினார். “ஆனா ஒண்ணு, கடைசியில அவன் தேடுனது...”

“சொல்லாதீங்க!” என்று மூன்று குரல்கள் ஒன்றாகக் கத்தின. ஒன்று அக்காவுடையது, ஒன்று குடை ஓட்டுநருடையது. மூன்றாவது, விதிப் புத்தகத்தை அவசரமாக மூடிய மேற்பார்வையாளருடையது.