வானொலிக்குச் சொல்லிவிட்ட வசனம்

டெனிஷ் ராணி விலகி மகன் அரசராகும் வாரம் அது. வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்குத் தேசிய வானொலியிலிருந்து ஒரு பெண் வந்தாள். முதியவர்கள் பேசியதைப் பதிவு செய்துவிட்டுப் போகும்போது, மருந்துத் தட்டுடன் நின்ற என்னிடமும் ஒலிவாங்கியை நீட்டினாள். அரசரை அறிவிக்கும் ஞாயிறு மூன்று மணிக்கு எல்லோருக்கும் கேக் வெட்டப் போகிறோம் என்றேன். புதிய அரசர் வருவதால் உங்கள் வீட்டில் ஏதும் மாறுமா என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். என் மகளுக்கு ஓகஸ்டில் பிள்ளை பிறக்கப்போகிறது, அந்தப் பிள்ளை காணும் முதல் அரசர் இவர்தான் என்று சொல்லிவிட்டேன்.

அப்போது மகளுக்குப் பதினோராவது வாரம். அவள், மருமகன், நான், என் கணவர் ஆகிய நான்கு பேரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. ஐந்தாம் மாதம் வரை வெளியே சொல்லக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். மகளுக்கு அதைவிடப் பெரிய காரணம் இருந்தது. முந்தைய முறை அவள் தன் வேலைத்தளமான சிறுவர் பாடசாலையில் எட்டாம் வாரமே சொல்லிவிட்டாள். பத்தாம் வாரம் கலைந்துவிட்டது. பிறகு ஒவ்வொருவரிடமும் போய் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. விடுமுறையில் இருந்த ஒருத்தி ஒரு மாதம் கழித்து வந்து, கட்டிப்பிடித்து வாழ்த்தினாளாம். அன்று மகள் பாதி நாளில் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

தமிழில் ஒருவரும் என் வாயிலிருந்து அதை எடுத்திருக்க முடியாது. அதற்கு முதல் கிழமைதான் கோயிலில் ஒருத்தி, மகள் வாடிப்போனாள் போலக் கிடக்கு என்று நூல் விட்டுப் பார்த்தாள். வேலை கூடிப்போச்சு என்று முடித்தேன். ஆனால் டெனிஷ் மொழியில் பேசுவது வேலையோடு நின்றுவிடும், சொந்தபந்தத்தின் காதுக்கு வராது என்ற நினைப்பு முப்பது வருடமாக எனக்குள் இருக்கிறது. எங்கள் ஆட்களில் அந்த வானொலியைக் கேட்பவர் யார்? மகள் டெனிஷில்தான் வாழ்கிறாள், அவள் வேலைத்தளத்து ஆட்கள் அந்த வானொலியைக் கேட்பார்கள் என்பது, அந்தப் பெண் தன் கருவிகளைச் சுருட்டிக்கொண்டு போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

அந்த வசனத்தை வெட்டச் சொல்ல, வெள்ளிக்கிழமை எட்டு ஐந்துக்கும் பன்னிரண்டு நாற்பதுக்கும் வானொலிப் பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்தேன். இரண்டு முறையும் குரல்பதிவு. மின்னஞ்சல் அனுப்பினேன், திங்கட்கிழமை பதில் தருவதாகத் தானியங்கிப் பதில் வந்தது. அந்தச் சிறப்பு ஒலிபரப்போ ஞாயிறு காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை. என்னுடைய பகுதி எத்தனை மணிக்கு வரும் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஞாயிறு எனக்கு விடுமுறை. ஆறு மணிக்கே குசினி வானொலியைப் போட்டு, நான் சொன்ன வசனத்தை எழுதியிருந்த கொப்பியைப் பக்கத்தில் வைத்தேன். ஏழு பத்துக்கு ஒரு பாதிரியார். எட்டு முப்பத்தைந்துக்கு ஒரு மீனவர். ஒன்பதரைக்கு ஒரு முதியோர் இல்லம். வெங்காயம் நறுக்கிய கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அது வேறு ஊர்.

கணவர் முன்னறையில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார். நடந்ததை நான் அவருக்கும் சொல்லியிருக்கவில்லை. இங்கே கிரீடம் சூட்டுவதில்லை, பிரதமர் அரண்மனைப் பால்கனியில் நின்று அறிவிப்பார், அவ்வளவுதான். அதற்கே கணவருக்கு ஒரு குறை இருந்தது.

"மார்கழி முடிய இன்னும் ஒரு நாள் கிடக்கு. தை பிறக்குமட்டும் இவைக்குப் பொறுக்கேலாமல் போச்சே?"

மகள் பன்னிரண்டேகாலுக்குத் தன் வீடிருக்கும் இஷொயிலிருந்து காரில் வந்தாள். மருமகனுக்கு அன்று வேலை. தொலைக்காட்சி ஓடும்போது வானொலி எதற்கு என்று டெனிஷில் கேட்டாள். சத்தத்தைக் குறைத்தேன், அவள் தட்டெடுக்கத் திரும்பியதும் மறுபடி கூட்டினேன். சோற்றை அளைந்துகொண்டிருந்தவள், அம்மாவுக்கு என்ன நடந்தது என்று தகப்பனைப் பார்த்துக் கேட்டாள். அவர் தோளைக் குலுக்கினார்.

இரண்டு நாற்பதுக்கு, கோப்பைகளைத் துடைத்துக்கொண்டு நின்றபோது சொன்னேன்.

"பிள்ளை, நான் ஒரு பிழை விட்டிட்டன்."

முழுவதையும் கேட்டாள். என்ன வசனம் சொன்னீர்கள், அப்படியே சொல்லுங்கள் என்றாள். கொப்பியில் எழுதியிருந்தபடி டெனிஷில் சொன்னேன். துவாயை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள்.

"நாலு நாளா இதை உங்களுக்குள்ள வைச்சிருந்தீங்களே?"

"மூண்டு நாள்," என்றேன். அந்த நேரத்தில் கணக்குத் திருத்தியிருக்கக் கூடாது.

அவள் தொலைபேசியை எடுத்துக்கொண்டு எங்கள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மூன்று மணிக்குப் பிரதமர் பால்கனிக்கு வந்தார். கூட்டம் ஆரவாரித்தது தொலைக்காட்சியில் ஒருமுறையும், சில நொடி பிந்தி வானொலியில் ஒருமுறையும் கேட்டது. வந்து பார் என்று கணவர் கூப்பிட்டார். நான் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினொரு நிமிடம் கழித்து, கண் சிவந்து வெளியே வந்தாள். தன் மேலாளருக்குத்தான் எடுத்திருக்கிறாள்.

"ரேடியோவில கேக்க முதல் நானே சொல்லிப்போட்டன்."

நான்கு இருபத்தாறுக்கு என் குரல் வந்தது. கேக்கைப் பற்றிச் சொன்னேன், எங்கள் இல்லத்து முதியவர் ஒருவர் சிரித்தார், உடனே பாட்டுப் போட்டார்கள். அந்த வசனம் வரவில்லை. ஆறு மணிவரை இருவரும் குசினியிலேயே இருந்தோம். பிறகும் வரவில்லை.

"கேக்கை மட்டும்தான் போட்டிருக்கினம்," என்றாள் மகள். அவள் சிரிக்கவில்லை.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் நீ ஒருவருக்கும் சொல்லியிருக்கத் தேவையில்லையே என்றேன். இம்முறையும் ஏதும் நடந்தால் அவள் மறுபடி போய்ச் சொல்ல வேண்டிவரும். அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளுக்கும் அதே நினைப்புத்தான் என்று முகத்தில் தெரிந்தது.

மேலாளர் வாழ்த்துச் சொல்லவில்லையாம். ஸ்கேன் எந்த நாள் என்று மட்டும் கேட்டு, அன்றைய வேலை நேரத்தை மாற்றித் தந்தாளாம். ஸ்கேன் புதன்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு.

"நீங்களும் வாங்கோ. ஆனா அங்க ஒருத்தரோடயும் கதைக்காதேங்கோ."

"ஓம்," என்றேன்.

அவள் போன பிறகு, புதன் காலை வேலை முறையை மாற்ற இல்லத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். என்ன காரணம் என்று கேட்டார்கள். சொந்த அலுவல் என்று டெனிஷில் சொன்னேன். மற்றப் பக்கத்தில் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். நான் வேறொன்றும் சொல்லவில்லை.